மட்டையில் பட்ட சத்தம்

1

நான் பயந்தவன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சத்தைச் சொல்வது எனக்குச் சுலபம். வாசல் கதவின் துவாரத்தால் ஒரு பழுப்பு உறை விழுந்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். குப்பைத் தொட்டி எடுக்கும் நாள் மாறியிருக்கிறது என்று கவுன்சில் எழுதியிருக்கும். அதைத் திறக்க முன்னர் நான் ஒரு தேத்தண்ணீர் குடித்தாக வேண்டும். லண்டனுக்கு வந்து பத்தொன்பது வருடமாகிவிட்டது, பாஸ்போர்ட் அலுமாரிக்குள் இருக்கிறது, இனி உங்களை ஒருத்தரும் ஒன்றும் செய்ய ஏலாது என்று என் மனைவி டெல்சி எத்தனையோ தரம் சொல்லிவிட்டாள். தலைக்கு விளங்குகிறது. வயிற்றுக்கு விளங்குவதில்லை.

இந்த முறை உறை வரவில்லை, மின்னஞ்சல் வந்தது. திங்கட்கிழமை காலை ஹரோவில் ரயிலேறி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மூக்குக் கண்ணாடிக்கு வில்லை தேய்க்கும் பட்டறை ஒன்றில் எனக்கு வேலை. மின்னஞ்சல் என் மகள் அனிற்றா விளையாடும் கிரிக்கெட் கழகத்திலிருந்து வந்திருந்தது. அனுப்பியவர் ஹெலன். பிள்ளைகளின் பாதுகாப்பைக் கவனிக்கவென்றே கழகத்தில் இருக்கும் பெண் அவர். இவர் பெயர் தொலைபேசியில் தெரிந்தால் பெற்றோர் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஹெலன் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். நேற்றைய ஆட்டத்தில் நான் அம்பயராக நின்றதற்கு நன்றி. எதிரணிப் பயிற்சியாளர் எங்கள் அணிப் பிள்ளை தாரணியைப் பாராட்டி எழுதியிருக்கிறாராம். அம்பயர் அவுட் இல்லை என்று சொன்ன பிறகும் தானாக வெளியேறிய ஒரு பிள்ளையைத் தன் வாழ்நாளில் இப்போதுதான் பார்த்ததாகச் சொன்னாராம். அதே அணிப் பிள்ளை ஒன்றின் தாய் இன்னொன்றை எழுதியிருக்கிறார். ஆட்டம் முடிந்த பிறகு கார் நிறுத்துமிடத்தில் ஓர் ஆண் கத்துவதையும், அறை விழுந்ததுபோல ஒரு சத்தத்தையும் கேட்டாராம். கார்கள் மறைத்ததால் காணவில்லையாம். அந்த நேரம் நான் அந்தப் பக்கம் ஸ்டம்புகளைச் சுமந்துகொண்டு போனதை மட்டும் கண்டாராம்.

"நீங்கள் கண்டதையும் கேட்டதையும் உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதி, கையொப்பமிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள்."

மூன்று தரம் வாசித்தேன். இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டி இரண்டு நிலையம் போய்விட்டேன்.

2

இங்கே சின்னப் பிள்ளைகளின் கிரிக்கெட் எப்படி நடக்கிறது என்பதை ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். சம்பளத்துக்கு அம்பயர் கிடையாது. பெற்றோரில் ஒருவர் அந்த வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்பார். ஒருவர் ஸ்கோர் எழுதுவார். ஒருவர் தோடம்பழம் வெட்டிக் கொண்டுவருவார். தமிழ்ப் பெற்றோர் என்றால் இறைச்சி வைத்துச் சுருட்டிப் பொரித்த றோல்ஸ் வரும், அன்றைக்கு எதிரணிகூட எங்களுடன் நல்ல நட்பாக இருக்கும். பருவம் தொடங்கும்போது எல்லோரிடமும் ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். எல்லைக் கோட்டில் நின்று கத்தமாட்டேன், அம்பயரோடு வாதாடமாட்டேன், மற்றப் பிள்ளைகளை நையாண்டி செய்யமாட்டேன். இரண்டாவது கிழமையிலேயே அந்தத் தாளுக்கு மதிப்பிராது. மடக்கு நாற்காலியை உதைத்து உடைத்த வெள்ளைக்காரத் தகப்பனைக் கண்டிருக்கிறேன். பத்து வயதுப் பிள்ளை பிடி தவறவிட்டதற்குக் கைதட்டிச் சிரித்த தாயைக் கண்டிருக்கிறேன்.

நான் அம்பயரானதற்கும் பயம்தான் காரணம். கூட்டத்தில் ஹெலன் "யார் நிற்கிறீர்கள்?" என்று கேட்டபோது எல்லோரும் சப்பாத்தைப் பார்த்தார்கள். நான் மட்டும் நிமிர்ந்துவிட்டேன். முடியாது என்று சொல்லப் பயந்து சரி என்றேன். ஆறு பந்துகளை எண்ணுவதற்கு டெல்சியின் தையல் பெட்டியிலிருந்து ஆறு பொத்தான்கள் எடுத்தேன். ஒரு பந்து வீசினால் ஒரு பொத்தானை இடப்பக்கப் பொக்கற்றிலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றுவேன். கோட்டு எனக்குக் கொஞ்சம் பெரிது. தூரத்திலிருந்து பார்க்க டொக்டர் மாதிரி இருக்கிறது என்று டெல்சி சொன்னாள். கிட்ட வந்து பார்த்துவிட்டு வேறொன்றும் சொல்லவில்லை.

தாரணியின் தகப்பன் குகன் அண்ணை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சாவி வெட்டி, சப்பாத்துத் தைக்கும் சின்னக் கடை வைத்திருக்கிறார். நான் வந்த புதிதில் தென் லண்டன் ஸ்ட்ரெதத்தில் அவர் வீட்டில்தான் ஒன்பது மாதம் படுத்தெழும்பினேன். என் அகதி வழக்கு முடியாதிருந்த காலம். இரண்டு கிழமைக்கு ஒருமுறை குடிவரவு அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். உள்ளே போகிறவர்களில் சிலர் திரும்பி வரமாட்டார்கள், அப்படியே பின்கதவால் நாடுகடத்தக் கொண்டுபோய்விடுவார்கள். ஒவ்வொரு முறையும் குகன் அண்ணை கடையைப் பூட்டிவிட்டு என்னோடு வருவார். உள்ளே விடமாட்டார்கள். வெளியே மழையிலும் நிற்பார்.

"நீ போ. நான் இஞ்சதான் நிக்கிறன். நாலு மணிக்கு நீ வராட்டி லோயருக்குப் போன் அடிப்பன்."

நான் வெளியே வரும்போது பிளாஸ்கில் தேத்தண்ணீர் இருக்கும். அந்தத் தேத்தண்ணீரை நான் மறந்தால் மனிதனில்லை. பிறகு நாங்கள் ஹரோவுக்கு வந்தோம், அவரும் கடையை மாற்றிக்கொண்டு வந்தார். அவர் பெண்ணும் என் பெண்ணும் ஒரே அணியில் விளையாடத் தொடங்கினார்கள். இருவருக்கும் பதினொரு வயது. அனிற்றா பரவாயில்லை ரகம். தாரணி அப்படியில்லை. அவள் மட்டையைப் பிடித்தால் பந்து போகுமிடத்தை அவளே முடிவு செய்வாள்.

குகன் அண்ணை எல்லைக் கோட்டில் நின்று தமிழில் கத்துவார். தமிழில் கத்தினால் அந்தத் தாளில் வராது என்பது அவர் கணக்கு. "காலை முன்னுக்கு வையடி!" "அந்தக் குண்டுப் பிள்ளை ஓடாது, அங்க அடி!" அந்தப் பிள்ளைக்குத் தமிழ் விளங்காது. என் மகளுக்கு விளங்கும். வீட்டுக்கு வந்து, "தாரணியின் அப்பா ஏன் அப்படிச் சொல்கிறார்?" என்று கேட்பாள். ஆங்கிலத்தில்தான் கேட்பாள், அப்பா, மாமா என்ற உறவுகள் மட்டும் தமிழில் வரும். "விளையாட்டில அப்பிடித்தான்" என்பேன்.

3

அந்த ஞாயிற்றுக்கிழமை மாவட்ட அணிக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்ய ஒரு பெண் குறிப்பேட்டுடன் வந்து எல்லைக் கோட்டில் உட்கார்ந்திருந்தார். குகன் அண்ணை அவருக்குப் பக்கத்திலேயே நின்றார். அன்றைக்கு அவர் கொண்டுவந்தது இரண்டு பெட்டி றோல்ஸ்.

கடைசியில் எட்டுப் பந்தில் ஒன்பது ஓட்டம் தேவை. அடிப்பது தாரணி. மறுமுனையில், எனக்கு இரண்டு கை தூரத்தில், அனிற்றா. பந்து வந்தது, தாரணி மட்டையை வீசினாள், டிக் என்று ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான், ஆனால் தெளிவான சத்தம். கீப்பர் பிடித்தாள். பதினொரு பிள்ளைகளும் கையைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்துக் கத்தினார்கள்.

நான் விரலை உயர்த்தியிருக்க வேண்டும். கை எழும்பவேயில்லை. கண் தானாக எல்லைக் கோட்டுக்குப் போனது. குகன் அண்ணை கைகளைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தபடி நின்றார். என் தலை இடமும் வலமும் ஆடியது. நான் ஆட்டினேன் என்று சொல்லத்தான் வேண்டும், ஆனால் அது தானாக ஆடியது போலத்தான் இருந்தது.

"நொட் அவுட்" என்றேன்.

பந்து வீசிய பிள்ளையின் வாய் திறந்தபடி நின்றது. அனிற்றா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் கேட்டது. அவ்வளவு கிட்டத்தில் நின்றவளுக்குக் கேட்காமல் விடுமா? பிறகு தாரணி கையுறையைக் கழற்றினாள், மட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள், ஒருவரையும் பாராமல் வெளியே நடந்தாள். கொஞ்ச நேரம் ஒருத்தருக்கும் விளங்கவில்லை. விளங்கியதும் எதிரணி கைதட்டியது, அந்தக் குறிப்பேட்டுப் பெண்ணும் எழுந்து நின்று கைதட்டினார். நான் பொத்தானை மாற்ற மறந்துபோனேன். அந்த ஓவரில் ஏழு பந்து வீசினார்கள். மூன்று ஓட்டத்தால் தோற்றோம்.

ஆட்டம் முடிந்து ஸ்டம்புகளைப் பையில் போட்டு காருக்குக் கொண்டுபோனேன். எங்கள் காருக்குள் அனிற்றா ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தாள், கண்ணாடி இறக்கியிருந்தது. பக்கத்து வரிசையில் குகன் அண்ணையின் வானுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"அம்பயரே எங்கட ஆள். அவனே இல்லையெண்டு தலையாட்டினவன். உனக்கு என்னடி வந்தது? அந்த மனுசி உன்னைப் பாக்கவெண்டே வந்தவ. உனக்கு என்ன வந்தது?"

"பட்டது, அப்பா" என்றாள் தாரணி.

அறைந்தார். அவள் கையிலிருந்த ஹெல்மெற் விழுந்து உருண்டு என் காலடியில் வந்து நின்றது. குகன் அண்ணை நிமிர்ந்தார், என்னைக் கண்டார். நான் ஹெல்மெற்றை எடுத்தேன். அதிலிருந்த மண்ணைக் கோட்டில் துடைத்துத் தாரணியிடம் கொடுத்தேன். அவளுடைய இடக் கன்னம் சிவந்திருந்தது. அவள் அழவில்லை.

நான் சொன்னது இரண்டே இரண்டு சொல். "வாறன், அண்ணை."

அதை இங்கே எழுதும்போதுகூட எனக்குக் காது சுடுகிறது.

4

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது மன்னாரில் எங்கள் பகுதியை ஆமி சுற்றி வளைத்தது. சனங்களைப் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கொண்டுபோனார்கள். நாங்கள் கிரிக்கெட் விளையாடும் மைதானம்தான். அங்கே ஒரு ஜீப், அதற்குள் ஓர் ஆள். சாக்கால் தலையை மூடியிருந்தார்கள், கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. தலையாட்டி என்போம். ஒவ்வொருவராக அவன் முன்னால் போக வேண்டும். அவன் சும்மா இருந்தால் வீட்டுக்குப் போகலாம். தலையை ஆட்டினால் லொறியில் ஏற்றுவார்கள்.

நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். அந்த ஓட்டைக்குள் இருந்த கண் என்னைப் பார்த்தது. தலை ஆடவில்லை. எங்களுக்குப் பின்னால் வந்தவர் பள்ளி அணிக்கு விக்கெட் காப்பவர். அவருக்குத் தலை ஆடியது. அவரை அதற்குப் பிறகு ஒருவரும் காணவில்லை. சாக்குக்குள் இருந்தது எங்கள் தெரு ஆள்தான் என்று பிறகு பேசிக்கொண்டார்கள். ஆர் என்று இன்றைக்கும் தெரியாது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னை இருத்தி வைத்துச் சொன்னார். "ஆர் கேட்டாலும் கண்டதைக் காணேல்லை எண்டு சொல்லு. கேட்டதைக் கேக்கேல்லை எண்டு சொல்லு. விளங்கிச்சோ?" விளங்கிவிட்டது. அதில் எனக்கு நல்ல தேர்ச்சி. வகுப்பு வாத்தியார் கேட்டபோதும், சோதனைச் சாவடியில் கேட்டபோதும், இங்கே வந்து குடிவரவு அதிகாரி கேட்டபோதும் முதல் பதில் அதுதான் வாயில் வரும். அம்மா எங்களை உயிரோடு வைத்திருக்கச் சொன்ன சொல் அது. அவரைக் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் லண்டனில், பிள்ளைகளின் ஆட்டத்தில், வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கும்போதும் அதே பதில் வரும் என்று நான் நினைக்கவில்லை.

5

செவ்வாய்க்கிழமை டெல்சிக்கு மின்னஞ்சலைக் காட்டினேன். முகம் வெளிறிவிட்டது. இங்கே தமிழ்த் தாய் தகப்பன்மாருக்கு எல்லாப் பயத்துக்கும் மேலே ஒரு பயம் இருக்கிறது. பிள்ளையில் கைவைத்தால் சோஷல் சேர்விஸ் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்ற பயம். அப்படிப் போன பிள்ளையை நேரில் கண்டவர் யாரும் இல்லை. அப்படிப் போன பிள்ளையின் கதையைக் கேட்காதவரும் யாரும் இல்லை.

"எழுதாதேங்கோ" என்றாள் டெல்சி. "அந்தப் பிள்ளையைக் கொண்டுபோனாங்களெண்டா அந்தப் பழி எங்கட தலையில. நாளைக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில என்னெண்டு முகம் குடுக்கிறது? காட்டிக் குடுத்தவன் எண்டு சனம் சொல்லும்."

அந்தச் சொல்லை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். எங்கள் சனத்தின் வாயில் அதைவிட மோசமான வசவு இல்லை.

"ஒண்டும் காணேல்லை எண்டு எழுதவோ?"

"ஸ்டம்ப் எடுக்கப் போனனான், ஒண்டும் தெரியாது எண்டு எழுதுங்கோவன். ஆர் கண்டது?"

மாடிப்படியில் அனிற்றா உட்கார்ந்திருந்ததை நாங்கள் அப்போதுதான் கண்டோம். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

"நீங்கள் என்ன எழுதுவீர்கள் என்று தாரணி கேட்டாள், அப்பா."

"என்ன எழுதட்டாம்?"

"அதைச் சொல்லவில்லை. என்ன எழுதுவீர்கள் என்றுதான் கேட்டாள்." பிறகு எழுந்து, "எனக்கும் தெரியாது என்று சொன்னேன்" என்றுவிட்டு மேலே போனாள்.

மகளுக்குத் தகப்பனைத் தெரியவில்லை. எனக்கு அந்த இடத்தில்தான் உண்மையாகப் பயம் பிடித்தது. பழுப்பு உறைக்கு வரும் பயம் எனக்குப் பழக்கம். இது வேறு. இந்தப் பிள்ளை தன் பாட்டில் வளர்ந்து ஆங்கிலத்துக்குள் போய்விடுவாள், என் பாட்டுகளை மறப்பாள், எங்கள் சாப்பாட்டை மறப்பாள் என்றெல்லாம் கவலைப்பட்டிருக்கிறேன். அவள் என்னை விட்டுப் போவதற்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை, இரண்டு கை தூரத்தில் நின்றபடியே போய்விடலாம் என்று அன்றைக்குத் தெரிந்தது.

புதன்கிழமை பின்னேரம் குகன் அண்ணை வந்தார். எப்போதும் வாசலிலேயே சத்தமாகப் பேசிக்கொண்டு வருகிறவர், அன்று மணியை ஒருமுறை அடித்துவிட்டுப் பேசாமல் நின்றார். உள்ளே வந்து இருந்தார். டெல்சி கொடுத்த தேத்தண்ணீரைத் தொடவில்லை. அவருடைய விரல்களில் சாவி அராவிய பித்தளைத் தூள் ஒட்டியிருந்தது.

"ஹெலன் உனக்கும் எழுதினவவோ?"

"ஓம் அண்ணை."

"நான் அடிக்கிற ஆளில்லை, அருள். உனக்குத் தெரியும். அண்டைக்கு என்ர கை என்னை அறியாமப் போச்சுது." விரல்களில் இருந்த தூளைத் தேய்த்தார். "அவள் அண்டையில இருந்து என்னோட கதைக்கிறாளில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிடுவாங்களோ?"

அவரும் பயந்திருந்தார். அந்த அலுவலகத்துக்கு வெளியே மழையில் நின்றவர் பயந்து நான் கண்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்தது.

"நீ என்ன எழுதப் போறாய்?"

"தெரியேல்லை அண்ணை" என்றேன். பொய்யில்லை. எழுந்து போகும்போது வாசலில் நின்று என் தோளில் கைவைத்தார்.

6

வழக்கமாக நான் எழுதும் ஆங்கிலக் கடிதம் எல்லாம் அனிற்றாவின் கையால்தான் திருந்திப் போகும். ஒருமுறை அவளுடைய பாடசாலைக்கு, அவளுக்குக் காய்ச்சல் என்பதை நான் எழுதிய விதத்தில் வகுப்பாசிரியர் பயந்துபோய்த் தொலைபேசி எடுத்தார். இதை அவளிடம் கொடுக்க முடியாது. வியாழக்கிழமை மதிய இடைவேளையில், வில்லை தேய்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்து, எனக்குத் தெரிந்த சின்னச் சின்னச் சொற்களால் எழுதினேன். முதலில் எழுதியது கார் நிறுத்துமிடத்தைப் பற்றித்தான். வாசித்துப் பார்த்தேன். மற்றவருடைய பிழை மட்டும் இருந்தது, என் முகம் அதில் இல்லை. சாக்குப் போட்டுக்கொண்டு எழுதினது போலக் கிடந்தது. கிழித்துவிட்டுத் திரும்பத் தொடங்கினேன்.

பந்து மட்டையில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. பிள்ளையின் தகப்பன் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பயந்து நான் அவுட் இல்லை என்றேன். அது பொய். பிள்ளை உண்மையைச் செய்தாள். அதற்காக அவளைத் தகப்பன் ஒருமுறை அறைந்ததை நான் கண்டேன். நான் அதைத் தடுக்கவில்லை, ஒன்றும் கேட்கவும் இல்லை. நான் பொய் சொல்லியிராவிட்டால் அந்த அறை விழுந்திராது. அவர் எனக்கு மிகவும் உதவி செய்தவர், பிள்ளையில் உயிரானவர், அவருக்கும் பிள்ளைக்கும் உதவி செய்யுங்கள்.

இவ்வளவுதான் எழுதினேன். கையெழுத்து வைத்தேன்.

அனுப்ப முன்னர், வேலை முடிந்து நேரே குகன் அண்ணை வீட்டுக்குப் போனேன். போகும் வழியில் இரண்டு தரம் திரும்பிப் போவோமா என்று நின்றேன். அவர்தான் கதவைத் திறந்தார்.

"உள்ள வா."

"இல்லை அண்ணை. எழுதினதை வாசிச்சுப்போட்டுப் போறன். நீங்கள் இதை வேற ஆரும் சொல்லிக் கேக்கக்கூடாது."

வாசலில் நின்றபடியே தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தேன். முடிந்ததும் கேட்டார்.

"பயந்து எண்டு எழுதியிருக்கிறாய். ஆருக்குப் பயம்?"

"உங்களுக்கு."

"எனக்கோ?" அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. "நான் உனக்கு என்னடா செய்தனான்?"

"நல்லதுதான் அண்ணை செய்தனீங்கள். அதுதான் பயம்."

"உனக்காக அந்த வாசல்ல நிண்டனான்" என்றார். பிறகு கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். அறைந்து சாத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து அனுப்பினேன். அனிற்றா கேட்டாள், அதன் பிரதியைக் கொடுத்தேன். மேசையில் வைத்து முழுவதையும் வாசித்தாள். ஒரு சொல்லையும் திருத்தவில்லை. தாளை மடித்துத் தன் பாடசாலைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

7

பிள்ளையை யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. கவுன்சிலின் சோஷல் சேர்விஸிலிருந்து இரண்டு பெண்கள் குகன் அண்ணை வீட்டுக்கு இரண்டு தரம் வந்து தாரணியோடும் தாய் தகப்பனோடும் பேசிவிட்டுப் போனார்கள். பெற்றோருக்கான வகுப்பு ஒன்றுக்கு அவர் போக வேண்டும், இந்தப் பருவம் முடியும்வரை மைதானத்துக்கு வரக்கூடாது. நான் அம்பயர் வேலையை விட்டுவிடுகிறேன் என்று ஹெலனுக்கு எழுதினேன். தன் பிழையைத் தானே எழுதிக் கொடுத்த அம்பயர் இதுவரை ஒருவரும் கிடைத்ததில்லை, தயவுசெய்து தொடருங்கள், தவிரவும் வேறு ஆளும் இல்லை என்று பதில் வந்தது. இரண்டாவதுதான் உண்மையான காரணம் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூட நடையில் நான் நுழைந்தால் பேச்சு நிற்கிறது. "உவர்தான்" என்று ஒருவர் மெல்லச் சொன்னது முதுகில் கேட்டது. டெல்சி இப்போது காருக்குள்ளேயே இருந்துவிடுகிறாள். குகன் அண்ணையின் கடையைத் தாண்டித்தான் நான் ரயிலுக்குப் போக வேண்டும். சாவி அராவும் சத்தம் கேட்கும். தலையைத் திருப்பத் துணிவு வருவதில்லை. பயம் போய்விட்டது என்று இதை முடிக்க எனக்கும் ஆசைதான். போகவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தாரணி திரும்ப விளையாட வந்தாள். தாய் வாசலில் இறக்கிவிட்டுக் காரை விட்டு இறங்காமல் இருந்தார். நான் கும்பிடவா, கையசைக்கவா என்று தெரியாமல் பொத்தான்களை எண்ணினேன். தாரணி துடுப்பாட வந்தாள். மறுமுனையில் அனிற்றா. ஐந்தாறு பந்து நன்றாக அடித்தாள். பிறகு ஒரு பந்து ஸ்டம்புக்கு வெளியே போனது, மட்டையை நீட்டினாள், டிக் என்று கேட்டது. கீப்பர் பிடித்தாள். எல்லாப் பிள்ளைகளும் என்னைப் பார்த்துக் கத்தினார்கள்.

தாரணி நடக்கவில்லை.

போன முறை கையுறையைக் கழற்றிக்கொண்டு தானாகப் போன பிள்ளை, இந்த முறை மட்டையை ஊன்றிக்கொண்டு நின்றாள். நின்று என்னையே பார்த்தாள். அந்த அறை அவளுக்கு இதைப் படிப்பித்துவிட்டதா, அல்லது நான் என்ன செய்யப்போகிறேன் என்று பார்க்கிறாளா, எனக்குத் தெரியவில்லை. எல்லைக் கோட்டில் குகன் அண்ணை நிற்கும் இடம் வெறுமையாக இருந்தது. ஆனாலும் என் வயிறு அந்தப் பக்கம் பார்த்துவிட்டுத்தான் திரும்பியது.

விரலை உயர்த்தினேன். உயர்த்தியபடியே வைத்திருந்தேன்.

தாரணி தலையை அசைத்தாள். நேரே வெளியே போக வேண்டியவள், சுற்றிக்கொண்டு என் பக்கமாக வந்தாள். எனக்குப் பக்கத்தில் கொஞ்சம் தாமதித்தாள்.

"கேட்டதா, மாமா?"

"கேட்டது, பிள்ளை."

"எனக்கும்" என்றுவிட்டுப் போனாள்.